பை போக ஐந்து கிலோ

நயினாரே,

இன்று காலை கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஒருவர் முதுகுப்பை ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவராம். தோள் வாரில் தையல் விட்டிருந்தது. பையைத் தூக்கினேன், தூக்கிய மாதிரியே இல்லை. உள்பக்கம் ஒரு சின்னத் துணிப்பட்டையில் எடையை அச்சடித்து வைத்திருந்தார்கள். எழுநூற்று ஐம்பது கிராம். இருபத்தாறு வருஷமாக மோட்டார் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் சீட்டுக் கவர் தைக்கிறேன், எதிலும் அதன் எடையை எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

"பாய், நீங்க மலையெல்லாம் ஏறுவீங்கன்னு சொன்னாங்க. ரெண்டு நாள் நடைன்னா எத்தன கிலோ வரைக்கும் தூக்கலாம்?" என்று கேட்டார்.

"பை போகவா, பையோடயா?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அது என் கேள்வி இல்லை, உன் கேள்வி. உன் வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பையோட சேத்தே எட போடுங்க சார், அதுதான் சரி" என்று சொல்லி, வாரைத் தைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை எழுதியாவது வைக்கிறேன்.

நாம் சேர்ந்ததே சர்க்கரையால்தான். டாக்டர் வீட்டு வாசலில் ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். "உங்களுக்கு எவ்ளோ?" என்று கேட்டாய். இருநூற்று நாற்பது என்றேன். "எனக்கு இருநூத்தி அறுபது" என்று ஏதோ பந்தயத்தில் ஜெயித்த மாதிரி சொன்னாய். மேல்சித்தாமூரிலிருந்து வந்து செஞ்சியில் தங்கிய சமணக் குடும்பம், மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிற வேலை என்பதெல்லாம் அப்புறம் தெரிந்தது. நான் உன்னை நயினாரே என்று கூப்பிடுவதைக் கேட்டு என் பெண்டாட்டி, "இன்னா, உங்க நைனாவ கூப்புடற மாதிரி கூப்புடறீங்க" என்று சிரிப்பாள். நம் இரண்டு பேருக்கும் ஒரே வயது.

நடக்கச் சொன்னார் டாக்டர். ஊரில் எல்லோரும் சிங்கவரம் ரோட்டில் நடந்தார்கள். நீ மட்டும், கண்ணெதிரே இவ்வளவு பெரிய கோட்டையை வைத்துக்கொண்டு ரோட்டில் எதற்கு நடக்க வேண்டும் என்று கேட்டாய். கோட்டை திறந்ததும் ராஜகிரி மலை ஏறுவோம். மூச்சு வாங்காமல் இருக்கப் படிகளை எண்ணுவாய். நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்லமாட்டார்களே, அதே வழக்கத்தில் "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் தொடங்குவாய். நூறு வந்ததும் மறுபடி லாபத்திலிருந்து. டிக்கெட் எடுத்து ஏறிக்கொண்டிருந்த வெளியூர்க்காரர் ஒருவர், இங்கே ஏதோ வேண்டுதல் இருக்கிறது என்று நினைத்து அவரும் கூடவே லாபம் சொல்லிக்கொண்டு உச்சிப் பாலம் வரைக்கும் வந்தது ஞாபகம் இருக்கிறதா?

ராஜகிரி அலுத்த பிறகுதான் ஜவ்வாது மலை ஆசை வந்தது. பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு கூட்டம் வீடு மாதிரி பையை முதுகில் மாட்டிக்கொண்டு நம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்ததைப் பார்த்தோம், அவ்வளவுதான். நம் முதல் பயணத்துக்கு நான் எடுத்துவந்தவற்றை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. எவர்சில்வர் அடுக்கு கேரியர், தலையணை, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கொறடும் சுத்தியலும். மலையில் எந்த சீட்டைப் பிரித்து மாட்டப்போகிறேன் என்று கேட்டாய். உன் பையிலோ முழுசாக ஒரு பூசணிக்காய் இருந்தது. அடிவாரத்துக் கிராமத்திலேயே அந்தக் காயை ஒரு வீட்டில் கொடுத்துவிட்டுப் போனோம்.

அதற்குப் பிறகுதான் நீ எடையில் இறங்கினாய். புறப்படுவதற்கு முந்தின நாள் இரண்டு பைகளும் மண்டித் தராசில் ஏறியாக வேண்டும். ஆள் எடையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் தூக்கக்கூடாது என்று நீயாகவே ஒரு சட்டம் போட்டாய். யாரிடம் கேட்டாய் என்றதற்கு, "மூட்ட தூக்கற ஆளுங்கள இருவது வருஷமா பாக்கறேன், என்னிய வுட யாருக்குத் தெரியும்?" என்றாய். ஒவ்வொரு சாமானாக எடுத்துத் தராசில் வைத்து, "இது எதுக்கு?" என்று கேட்பாய். பதில் சொல்ல நான் ஒரு நொடி தயங்கினால் அது வெளியே போகும். ஒரு சோப்பை இரண்டாக அறுத்தாய். என் பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை உடைக்க வந்தபோதுதான் நான் கத்தினேன்.

எடை பழகுவதற்காக ஒருமுறை பைகளில் மல்லாட்டையை நிரப்பிக்கொண்டு ராஜகிரி ஏறினோம். மண்டிக்காரனுக்கு வேறு என்ன கிடைக்கும்? குரங்குகளைப் பற்றி இரண்டு பேருமே யோசிக்கவில்லை. பாதிப் படியில் ஒன்று உன் தோள்மேலேயே உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தது. வாசலில் காவலுக்கு இருந்தவர், "இன்னா சார், அதுங்களுக்குப் படி அளக்க வந்தீங்களா?" என்று கேட்டார். இறங்கி வந்து எடை போட்டுப் பார்த்தாய். ஏறும்போது ஆறு கிலோ, இறங்கும்போது மூன்றரை.

இதில் ஒரு விஷயத்தை நான் மறக்காமல் இருந்திருக்க வேண்டும். நீ எப்போதும் பையின் எடையைக் கழித்துத்தான் சொல்வாய். மண்டியில் மூட்டையை வைத்தால் சாக்குக்கு எடை கழிப்பது உங்கள் வழக்கம். உன்னைப் பொறுத்தவரை பையும் ஒரு சாக்குதான். தராசில் ஒன்பதரை என்று எரியும், நீ ஒன்பது என்பாய். நம் பைகள் அப்போது பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடப் பைகள், கழித்தால் அரை கிலோ கழியும். அதனால் நான் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

அடுப்பும் பாத்திரமும் என்றைக்கும் உன் பங்கு. சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் நீ சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பதால் சமையல் நேரம் உன் கையில் இருக்கட்டும் என்பாய். மலையில் நாலரை மணிக்கே கஞ்சி கொதிக்கும். ஒரு வருஷம் நம் பயணம் நோன்புக்கு நடுவில் வந்துவிட்டது. "நான் வாய மூடற நேரத்துல நீ தொறக்கற. ஒரே அடுப்பு, ஒரே கஞ்சி, ஒரு பொழுதுதான் நடுவுல" என்று சொல்லிவிட்டு, எனக்கான கஞ்சி ஆறாமல் இருக்க உன் போர்வையால் பாத்திரத்தைச் சுற்றி வைத்தாய். பொழுது சாயும் வரை போர்வை இல்லாமல் குளிரில் உட்கார்ந்திருந்தாய்.

அப்புறம் உனக்கு நெஞ்சு வலி வந்தது. பாண்டிச்சேரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து, நடக்கலாம், நிதானமாக மலையும் ஏறலாம், ஆனால் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். நான், நீ சும்மா கையை வீசிக்கொண்டு வா, எல்லாவற்றையும் நானே தூக்குகிறேன் என்றேன். உனக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"வெறுங்கையோட வர்றவன் விருந்தாளி, பாய். நான் விருந்தாளியா வரமாட்டேன். அஞ்சுன்னா அஞ்சு தூக்குவேன். அதுகூட இல்லன்னா நான் வூட்லயே இருக்கறேன்."

உனக்கு அந்த ஐந்து கிலோதான் எல்லாம் என்று எனக்குப் புரிந்தது. அதனால்தான் உனக்கு நானே ஒரு பை தைத்தேன். சொல்ல வந்தது இந்த இடம்தான், நயினாரே. கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

அந்தப் பையைப் பதினோரு நாள் தைத்தேன். நல்ல கறுப்பு ரெக்சின், உள்ளே தார்ப்பாய் துணி, முதுகு நிமிர்ந்து நிற்க இரண்டு இரும்புக் கம்பி, கம்பி உறுத்தாமல் இருக்கத் தோல்பட்டி, வாருக்குள் புல்லட் சீட்டுக்குப் போடுகிற ஃபோம். ஓரமெல்லாம் சிவப்பு நூலில் இரட்டைத் தையல். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைப் பற்றிக் கேட்டார்கள். உன்னிடம் கொடுத்தபோது நீ கையில் வாங்கி ஒரு முறை மேலும் கீழும் அசைத்தாய். "யோவ், இதுல பொண்ணே பாக்கப் போகலாம்யா" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மண்டித் தராசில் உன் பையை ஏற்றியபோது நான் வாசலில் பஸ் நேரம் விசாரித்துக்கொண்டிருந்தேன். "அஞ்சு!" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாய். மண்டியே கேட்கும்படி.

நாள் பார்க்காமல் கிளம்பியது இரண்டு பேரின் தப்பும்தான். அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூருக்குப் போகிற கூட்டம் செஞ்சி பஸ் ஸ்டாண்டை அடைத்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் உட்கார இடமில்லை. பையை இறக்கி வைக்கவும் இடமில்லை. திருவண்ணாமலை வரைக்கும் முதுகில் மாட்டியபடியே நின்றாய். "எந்தக் கோயிலுக்கு சாமி?" என்று ஒரு பெண் கேட்டதற்கு, "பூசணிக்கா கோயிலுக்கு" என்றாய். உன் நெற்றி அப்போதே வேர்த்திருந்தது. கூட்டத்தால் என்று நினைத்தேன்.

மலையில் முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் நடந்தாய். பிறகு லாபம் சொல்வது நின்றது. ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்றாய். வழிகாட்ட வந்த மலைக்காரர் என்னைப் பார்த்தார். அந்த மொட்டைப் பாறைக்கு வந்ததும் நீ பையோடு அப்படியே சரிந்து உட்கார்ந்தாய். முகம் வெளுத்திருந்தது. உன் தோளிலிருந்து வாரைக் கழற்றிப் பையைத் தூக்கினேன்.

"இது அஞ்சா?"

"அஞ்சுதான்."

"யோவ், ஏழு எட்டு இருக்குதுய்யா."

"பை போக அஞ்சு. சாக்க யாராச்சும் எடையில சேப்பாங்களா, பாய்?"

நீ சிரிக்கப் பார்த்தாய். என் பயத்தை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் கத்தினேன். அந்த மலைக்காரர் எதிரிலேயே, "எட போடறவனே பொய் சொன்னா எப்படிய்யா? பொய்யன்யா நீ, ஒன்ன நம்பி வந்தேன் பாரு" என்றேன். "பொய்யா?" என்று மட்டும் கேட்டாய். அரை மணி நேரத்தில் உனக்கு மூச்சு சீரானது. மேலே போகலாம், அடுப்பை மட்டும் நீ எடுத்துக்கொள் பாய், மீதியை நான் தூக்குகிறேன் என்று தணிந்த குரலில் கேட்டாய். முடியாது, இறங்கு என்றேன். உன் பையை மலைக்காரர் வாங்கிக்கொண்டார். நீ வெறுங்கையோடு இறங்கினாய்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நீ போய் இரண்டு தட்டு இட்லி வாங்கிவந்தாய். ஒரு தட்டை என் முன்னால் வைத்தாய். செஞ்சி வந்ததும் உன் வீட்டு வாசலிலேயே, நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை கிலோ தூக்கினார், ஏமாற்றிவிட்டார் என்று சொன்னேன். அவள், இனிமேல் மலைப் பேச்சே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இறங்க வைத்தது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. மறுபடியும் அந்தப் பாறையில் உட்கார்ந்தால் மறுபடியும் இறங்கத்தான் சொல்வேன். ஆனால் நீ பொய் சொல்லவில்லை. எத்தனையோ வருஷமாக எப்படி எடை போட்டாயோ அப்படித்தான் அன்றைக்கும் போட்டாய். பை போக என்பது எனக்கும் தெரியும். பயம் வந்ததும் அது மறந்துபோனது. யார் தலையிலாவது பழியைப் போட வேண்டியிருந்தது, நீ பக்கத்தில் இருந்தாய்.

அதற்குப் பிறகும் நீ கடைக்கு வந்தாய், டீ குடித்தாய், மல்லாட்டை வரத்து பற்றிப் பேசினாய். மலையைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாலு மாதம் கழித்து, ஒரு முற்பகலில், மண்டியில் தராசுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். மலை ஏறியதால் வந்தது இல்லை என்று டாக்டர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். அதை நம்புகிறேன். என்னை அரிப்பது அது இல்லை.

உன் வருஷம் முடிந்து சில நாளில் தங்கச்சி கடைக்கு வந்தாள். கையில் அந்தப் பை.

"இத வச்சிக்கினு நான் இன்னா பண்றது அண்ணே. நீங்க தெச்சது, நீங்களே வச்சிக்கிங்க."

வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் போகாமல் நின்றாள்.

"இது வூட்டுக்கு வந்த அன்னிக்கே தூக்கிப் பாத்துட்டு, ரெண்டே முக்கா இருக்கும்னாரு. அப்ப பாய்கிட்ட சொல்லி மாத்திக்கலாமேன்னு நாந்தான் கேட்டேன். 'ஆசையா தெச்சிருக்காரு, ஒன்னும் சொல்லாத. இந்தப் பையோட அஞ்சுன்னா அடுப்பு தூக்க முடியாது. சாக்குன்னு கழிச்சிக்கறேன் வுடு'ன்னாரு. அன்னிக்கு நீங்க வாசல்ல நின்னு கோவமா பேசினீங்க, அப்பவும் என் கைய அழுத்திப் புடிச்சாரு, சொல்லாதேன்னு. எனக்கு இப்பத்தான் சொல்ல வாய் வந்துச்சு."

அவள் போனதும் எதிரில் இருக்கிற காய்கறிக் கடைக்குப் போய்ப் பையைத் தராசில் வைத்தேன். இரண்டு கிலோ எண்ணூறு. உன் கைக்கணக்கு ஐம்பது கிராம்தான் தவறியிருக்கிறது.

மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதைத் தங்கச்சியிடம் சொன்னேன். "பரண்மேல பாராசூட் துணி ஒரு சுருள் கெடந்துச்சு தங்கச்சி. அதுல தெச்சிருந்தா முக்கா கிலோ கூட வராது. அடுப்பையும் வச்சிக்கினு, நெசமாவே அஞ்சுக்குள்ள வந்திருப்பாரு. அது பாக்க நல்லா இருக்காது, ரெக்சின்ல தெச்சாத்தான் என் வேல தெரியும்னு நெனச்சேன்." அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பைய மாட்டிக்கினு கண்ணாடி முன்னால ரொம்ப நேரம் நின்னாரு அண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பை கனம் பாய், மாற்றித் தை என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மணி நேரம் முகம் சுருங்கியிருக்கும். அடுத்த நாளே கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்தத் துணியில் தைத்துக் கொடுத்திருப்பேன். என் ஒரு மணி நேர முகத்துக்காக நீ அந்த எடையை அமாவாசைக் கூட்டத்திலும் மலைமேலும் தூக்கியிருக்கிறாய். அதற்கு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு இறங்கியும் இருக்கிறாய். இதை நினைக்கும்போது உன்மேல் எனக்குக் கோபம்கூட வருகிறது, நயினாரே. கோபம் முடிந்ததும் அழுகை வருகிறது.

பாராசூட் துணியில் இப்போது எனக்கு ஒரு பை தைத்துக்கொண்டேன். பார்க்க ஒன்றும் லட்சணமாக இல்லை. அடுத்த மாதம் ஜவ்வாது மலைக்குப் போகிறேன், அதே வழி. அடுப்பு, பாத்திரம், போர்வை, தண்ணீர், பை, எல்லாம் சேர்த்து ஏழு கிலோ. உன் பங்கையும் சேர்த்து நானே தூக்குவதால் அதற்குக் கீழே இறக்க முடியவில்லை. முழங்கால் தாங்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த மொட்டைப் பாறைக்குப் போனதும் இந்த ஏழு கிலோவை இறக்கி வைத்துவிடுவேன். உன்னைப் பொய்யன் என்று சொன்ன வாயை எங்கே இறக்கி வைப்பேன்?